தோழி அறிந்த நோய்

மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ் இலக்கியம்

'மெய்' என்னும் சொல்லுக்குத் தமிழில் உடம்பு என்றும் பொருள். உண்மை என்றும் பொருள். இவ்விரண்டையும் ஒரு சொல்லுக்குள் வைத்த நம் முன்னோர் எதை எண்ணி வைத்தனரோ, நாம் அறியோம். ஆயினும் வாய் மறைப்பதை உடம்பு மறைப்பதில்லை என்பதை அன்றாடம் காண்கிறோம். தேர்வறைக்குள் நுழையும் மாணவனின் உள்ளங்கை வியர்க்கிறது. முதன்முறை மேடையேறியவளின் நா வறள்கிறது. துயரச் செய்தி கேட்டவரின் முழங்கால் மடிகிறது. அச்சமும் அவலமும் உள்ளத்தில் மட்டும் நிகழ்வன அல்ல. வயிற்றிலும் நெஞ்சிலும் தோளிலும் நிகழ்வன.

தொல்காப்பியர் இதற்கென்றே மெய்ப்பாட்டியல் என ஓர் இயலை வகுத்தார். சிரிப்பு, அழுகை, அச்சம், சினம் முதலாக எட்டு உணர்வுகளை எண்ணி, அவை உடம்பின்வழி வெளிப்படும் வகையை விரித்துரைத்தார். நம்மில் பலரும் மனப்பாடம் செய்து, தேர்வெழுதி, மறந்துவிடும் பகுதி அது. எனக்கோ அது மறக்கவியலாத பகுதியாயிற்று. அதற்குக் காரணம், திண்டிவனத்தை அடுத்த எங்கள் சிற்றூரில் வாழும் என் பெரியம்மா. அவருடைய இசைவைப் பெற்றே இதனை எழுதுகிறேன். "நாலு பேருக்கு ஒதவும்னா எழுது கண்ணு, பேரு மட்டும் போடாத" என்பது அவர் இட்ட கட்டளை.

பெரியம்மாவின் நெஞ்சு

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதம். மல்லாட்டை மூட்டைகளைத் திண்டிவனம் கமிட்டியில் போட்டுவிட்டு இருசக்கர வண்டியில் திரும்பிய பெரியப்பா, நெடுஞ்சாலையைக் கடக்கையில் விபத்துக்குள்ளாகி மறைந்தார். பெரியம்மா அழவில்லை. ஊரே கூடி ஒப்பாரி வைத்தபோதும் அவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கருமாதி முடிந்த மறுவாரமே கழனிக்குப் போனார். ஆழ்துளைக் கிணற்றுக்கு வாங்கிய கடன் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இருந்தாள். 'எவ்வளவு தைரியசாலி' என்று ஊரார் புகழ்ந்தனர்.

இரண்டு மாதங்கள் சென்றன. ஒருநாள் களையெடுத்துக்கொண்டிருந்தவர் வரப்பில் சாய்ந்தார். "மார்ல கல்ல வச்சி அமுக்குனாப்பல இருக்குது. மூச்சு மேல வரமாட்டேங்குது" என்றார். இதய நோயோ என்று அஞ்சி ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள்; எக்கோ எடுத்தார்கள். வயிற்றுப் புண்ணாக இருக்கலாம் என்று எண்டோஸ்கோபியும் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் விடை ஒன்றே: "ஒன்றுமில்லை." ஓராண்டிற்குள் மூன்று ஊர்களில் இதே விடையைக் கேட்டோம். பெரியம்மாவின் காதுத்தோடு அடகுக் கடைக்குப் போயிற்று, வலி போகவில்லை.

'ஒன்றுமில்லை' என்னும் சொல் நோயற்றவருக்கு ஆறுதல். வலியோடு இருப்பவருக்கோ அது பழிச்சொல். "ஒன்னுமில்லன்னா என்னா அர்த்தம்? நான் பொய் சொல்றனா?" என்று பெரியம்மா ஒருநாள் கேட்டார். எங்களிடம் விடையில்லை. மெய் என்பது உடம்பும் உண்மையுமானால், அவர் மெய்யை எவரும் மெய்யென நம்பவில்லை என்பதே நிலை.

பின்னர் உறவினர் வேறு வழி சொன்னார்கள். இறந்தவர் ஆசையோடு போயிருக்கிறார், அவர்தாம் பிடித்திருக்கிறார் என்றார்கள். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு மூன்று அமாவாசைகள் சென்று வந்தோம். உள்ளதைச் சொல்லவேண்டும்: அங்கே பெரியம்மாவுக்குச் சற்று இலேசாக இருந்தது. கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் அழலாம், ஆடலாம், கத்தலாம், ஏனென்று கேட்பாரில்லை. எனினும் ஊர் திரும்பிய நான்கைந்து நாள்களில் கல் மீண்டும் நெஞ்சில் ஏறிக்கொண்டது.

வேலனும் தோழியும்

அந்த நாள்களில்தான் வகுப்பில் குறிஞ்சித்திணைப் பாடல்களைப் படித்துக்கொண்டிருந்தோம். தலைவி மெலிகிறாள். வளை கழல்கிறது, மேனியில் பசலை படர்கிறது. மகளின் உடம்பைக் கண்டு தாய் கலங்குகிறாள். முருகன் அணங்கினான் என எண்ணி வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கு இட்டுப் பார்க்கிறான். ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு வெறியாடுகிறான். நோய் தீருமா? தீராது. ஏனெனில் அது காதலால் வந்த நோய். அதை அறிந்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவள்தான் தோழி.

தோழி எவ்வாறு அறிந்தாள்? கழங்கு பார்த்து அறியவில்லை. உடனிருந்து அறிந்தாள். தலைவி தினைப்புனம் காத்தபோது உடனிருந்தாள். அவள் உறங்காத இரவில் தானும் உறங்காதிருந்தாள். தலைவி சொன்னதைக் கேட்டாள். சொல்லாததையும் அவள் உடம்பிலிருந்து படித்தாள். தக்க காலம் வந்ததும் செவிலியிடம் உண்மையை எடுத்துரைத்தாள். இதனையே அறத்தொடு நிற்றல் என்கிறது நம் அகப்பொருள் மரபு. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளிலும் தோழி செவிலிக்கு உரைக்கும் உரையாகவே அமைந்திருக்கிறது. நோயைக் கண்டறியும் உரை ஒன்று பத்துப்பாட்டில் ஒரு பாட்டாகவே நிற்கிறது என்றால், நம் முன்னோர் அதற்குத் தந்த இடம் எத்தகையது!

இந்தப் பாடல்கள் தாயைக் குறை கூறுவன அல்ல. தாயும் அன்பினால்தான் வேலனை அழைக்கிறாள். ஆனால் அன்பு மட்டும் போதவில்லை. அறிந்த அன்பு வேண்டியிருக்கிறது. பெரியம்மாவுக்கு நாங்கள் எல்லோரும் தாயாக இருந்தோம். தோழியாக ஒருவரும் இல்லை.

"மாசியில் என்ன நடந்தது?"

இறுதியில் ஓர் அரசு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவுக்குச் சென்றோம். நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தபோது, இளம் மருத்துவர் ஒருவர் பழைய சீட்டுகளையெல்லாம் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு, "எப்போதிலிருந்தும்மா?" என்றார். "மாசி மாசம் கழிச்சி" என்றார் பெரியம்மா. "மாசியில் என்ன நடந்தது?" என்றார் மருத்துவர். ஓராண்டில் எவரும் கேட்டிராத கேள்வி அது.

அவர் எங்களை மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். "நான் என்னா பைத்தியமா?" என்று பெரியம்மா முகம் சுருங்கினார். "ஒரு தடவ போய்ப் பாப்பம் பெரியம்மா, புடிக்கலன்னா வந்துடலாம்" என்று சொல்லி அழைத்துப் போனேன். மனநல மருத்துவர் கேட்டறிந்து, சிறு மாத்திரை ஒன்று எழுதிக் கொடுத்து, ஆலோசகரையும் பார்க்கச் சொன்னார்.

பீரோவை நிறுத்தித் தடுத்த சிறிய அறை. மேலே மின்விசிறி கடகடவென்று சுழன்றது. ஆலோசகராக இருந்த அம்மையார் எடுத்த எடுப்பில் 'என்ன பிரச்சினை' என்று கேட்கவில்லை. "சாப்ட்டு வந்தீங்களாம்மா? எந்த பஸ்ஸுல வந்தீங்க?" என்று கேட்டார். நம் பக்கத்தில் வழக்கமாகக் கேட்கும் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்னும் கேள்வியை அவர் கேட்கவேயில்லை. அந்த இரண்டாவது கேள்வி எதற்காகக் கேட்கப்படுவது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதைக் கேட்காததே ஒரு வரவேற்பு.

"வலி எங்க இருக்குதுன்னு கைய வச்சிக் காட்டுங்க." பெரியம்மா காட்டினார். "அந்தக் கல்லு எம்மாம் பெருசு?" பெரியம்மா சிறிது யோசித்து, "அம்மிக் கொழவி அத்தன" என்றார். அம்மையார் சிரிக்கவில்லை, மறுக்கவுமில்லை. அந்தக் கையை அப்படியே அங்கே வைத்திருக்கச் சொன்னார். முதல் நாள் அவ்வளவே. வெளியே வந்ததும் பெரியம்மா சொன்னார்: "இவங்களாச்சும் கல்லு இருக்குதுன்னு ஒத்துக்கிட்டாங்க."

வாரம் ஒருமுறை சென்றோம். நான்காவது வாரம் நான் வெளியே அமர்ந்திருக்கையில், உள்ளிருந்து அழுகுரல் கேட்டது. பெரியப்பா மறைந்த பிறகு பெரியம்மா அழுது நான் கேட்டது அன்றுதான். பேருந்தில் திரும்பும்போது அவரே சொன்னார். விபத்து நடந்த அன்று காலை சீட்டுப் பணத்தைப் பற்றி இருவருக்கும் வாய்ச்சண்டை. கோபத்தில் பெரியம்மா சோறு போடாமல் கழனிக்குப் போய்விட்டார். பெரியப்பா வெறும் வயிற்றோடு வண்டியேறினார். பிற்பகல் தொலைபேசியில் செய்தி வந்தது. அந்த நேரத்தில் மூச்சு எங்கே நின்றதோ, அங்கேயேதான் அந்தக் கல் இருந்தது.

"ஒங்க தப்பு இல்லன்னு அவங்க ஒடனே சொல்லிடல. சொல்லியிருந்தா நான் எழுந்து வந்திருப்பன். எல்லாத்தயும் கேட்டுட்டு, அன்னிக்கி அவர்கிட்ட என்னா சொல்லணும்னு இருந்ததுன்னு கேட்டாங்க. 'சாப்ட்டுட்டுப் போங்க'ன்னு சொல்லணும்னேன். அதுக்கப்பறம் அழுகைய அடக்க முடியல" என்றார் பெரியம்மா.

மனத்திற்கும் உடம்பிற்கும் உள்ள வழி

இதில் மாயம் ஒன்றுமில்லை. பேரச்சமோ பெருந்துயரோ நேரும்போது நரம்பு மண்டலம் உடம்பைப் போருக்கு ஆயத்தம் செய்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் விரைகிறது, மார்புத் தசைகள் இறுகுகின்றன, மூச்சு மேலோட்டமாகிறது, செரிமானம் தடைப்படுகிறது. ஆபத்து நீங்கினால் இவை தணியவேண்டும். சொல்லப்படாத துயரத்தில் ஆபத்து நீங்கியதாக உடம்பு உணர்வதில்லை. எனவே இறுக்கம் தணிவதில்லை. இதயத்தையும் குடலையும் மூளையோடு இணைக்கும் வேகஸ் என்னும் நரம்பு, நாம் மெதுவாக நீண்ட மூச்சு விடும்போது இதயத்தின் ஓட்டத்தைத் தணிக்கிறது. ஆலோசகர் பெரியம்மாவுக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சியும் அதுவே: இரு பாதங்களையும் தரையில் நன்றாக ஊன்றி, ஒரு கையை மார்பில் வைத்து, இழுத்ததைவிட நீளமாக மூச்சை விடுதல்.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நெஞ்சுவலி என்றதும் 'எல்லாம் மனம்தான்' என்று தள்ளிவிடலாகாது. கடுந்துயரால் இதயத்தசையே சிலகாலம் வலுவிழக்கும் நோய் ஒன்றை ஜப்பானிய மருத்துவர்கள் 1990இல் விவரித்தனர். அந்நோயில் இதயத்தின் வடிவம் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப் போலத் தோன்றுவதால் 'டகோட்சுபோ' என்று பெயரிட்டனர். ஆகவே உடம்பை முதலில் சோதித்தே ஆகவேண்டும். பெரியம்மாவுக்கு ஈ.சி.ஜி. எடுத்தது தேவையான செயல். சோதனையோடு நின்றுவிட்டதுதான் குறை. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வலியுறுத்தியதும் இதுவே: நோயை உடல், உள்ளம், சமூகம் ஆகிய மூன்றையும் சேர்த்தே காணவேண்டும்.

பேசிக் குணம் காணும் முறைக்கு மேலைநாட்டில் நீண்ட வரலாறு உண்டு. வியன்னா நகரில் தந்தையின் நோய்ப்படுக்கையருகே இரவுபகல் கண்விழித்த ஓர் இளம்பெண்ணுக்குக் கை செயலிழந்தது. தண்ணீர் அருந்தவும் இயலாது போயிற்று. பிராயர் என்னும் மருத்துவரிடம் அவர் பேசப்பேச நோய்க்குறிகள் தணிந்தன என்று, பிராயரும் பிராய்டும் 1895இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. அந்த முறைக்குப் 'பேச்சு மருத்துவம்' என்ற பெயரைத் தந்தவரே அந்தப் பெண்தான். அவர் உடனே முழுக் குணம் பெற்றுவிடவில்லை. மருத்துவ இல்லத்தில் தங்கவும் நேர்ந்தது. ஆயினும் பின்னாளில் பெர்த்தா பாப்பன்ஹைம் என்ற தம் சொந்தப் பெயரில் பெண்களின் நலனுக்காகப் பெருந்தொண்டு செய்தார். கார்ல் ராஜர்ஸ் என்னும் உளவியலறிஞர் 1957இல், குணமாதலுக்கு அடிப்படை மருத்துவரின் நுட்பங்கள் அல்ல என்றார். மருத்துவரின் மனமாரப் புரிந்துகொள்ளுதல், நிபந்தனையற்ற மதிப்பு, வேடமற்ற உண்மை ஆகியவை உள்ள உறவே அடிப்படை என்றார். நம் தோழியின் இலக்கணம் இதிலிருந்து எவ்வளவு தொலைவு?

உடனிருப்பவரும் மருந்து

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்திற்கு நான்கு கூறுகளைச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து துணைசெய்பவரையும் ஒரு கூறாக வைக்கிறார். உலகம் பின்னாளில் அரும்பாடுபட்டுக் கற்ற பாடம் இந்த நான்காவது கூறுதான்.

மனநல மருத்துவமனைகள் நெடுங்காலம் மதில்களாகவே இருந்தன. உறவினர் நோயாளியை வாயிலில் விட்டுச் செல்வர். பலர் திரும்பி வரவேமாட்டார்கள். 1950களில் அமிர்தசரசு மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் இதனை மாற்றினார். மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அமைத்து, உறவினரையும் நோயாளியோடு தங்கவைத்தார். நோயைப் பற்றி உறவினருக்கும் விளக்கினார். நமக்கு அருகிலும் இதற்குச் சான்று உண்டு. விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் இரயில் பாதையில் உள்ள வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கப்பட்டது. அங்கும் குடும்பத்தினர் உடன்தங்குவது சிகிச்சையின் பகுதியாக்கப்பட்டது. சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை தலைமையேற்று நடத்திய டாக்டர் சாரதா மேனன், ஓய்வு பெற்றபின் 1984இல் ஸ்கார்ப் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். குணமடைந்தோர் குடும்பத்திலும் தொழிலிலும் மீண்டும் இடம்பெறவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

உறவு அறுந்த இடத்தில் என்ன நேரும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சான்றுண்டு. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளரைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். பின்வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்திருக்கிறது. சட்டம் சங்கிலியை அகற்றலாம். சங்கிலி இருந்த இடத்தில் ஒரு கையை வைக்க மனிதரால்தான் முடியும்.

எங்கள் பெரியம்மாவுக்கும் இந்த நான்காவது கூறு தேவைப்பட்டது. ஆலோசகர் ஒருநாள் அவருடைய மகளையும் அழைத்து வரச்சொன்னார். அவளும் தந்தையை இழந்தவள் அல்லவா? ஒரே வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் துயரைச் சுமந்திருந்தார்கள். நாள்தோறும் இரவில் இருவரும் சேர்ந்து அமர்ந்து சாப்பிடவேண்டும் என்பது ஆலோசகர் சொன்ன 'மருந்து'. யாருக்குச் சோறு போடாததால் நெஞ்சு இறுகியதோ, அந்த வீட்டில் சோறு போடுவதே மருந்தாயிற்று.

பிறகு ஒரு தடை வந்தது. ஒப்பந்தப் பணியில் இருந்த அந்த அம்மையார் வேறு ஊருக்குச் சென்றுவிட்டார். புதியவர் வந்திருக்கிறார் என்று கேட்டதும் பெரியம்மா வாயிலிலிருந்தே திரும்பிவிட்டார். "அவங்க இல்லன்னா நான் யாருகிட்டப் பேசுவன்?" மாத்திரையை யார் கொடுத்தாலும் மாத்திரைதான், உறவு அப்படியல்ல. ஆறு வாரங்கள் பெரியம்மா போகவில்லை. மூச்சு மீண்டும் இறுகத் தொடங்கிற்று. மாத்திரை வாங்கச் சென்ற ஒருநாள், புதிய ஆலோசகர் தாமே வெளியே வந்து, பெரியம்மாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "அவங்க எல்லாம் எழுதி வச்சிட்டுத்தாம்மா போயிருக்காங்க. நீங்க மொதல்லேர்ந்து சொல்ல வேணாம். இன்னிக்குக் கல்லு எப்படி இருக்குது?" என்றார். பெரியம்மா எழுந்து அவர் பின்னால் போனார். ஒருவர் கட்டிய பாலத்தில் இன்னொருவர் நடந்து வந்த காட்சி அது. மாற்றல்கள் தவிர்க்கவியலாதவையாக இருக்கலாம். ஆனால் இந்தக் கைமாற்றமும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை நிர்வாகத்தினர் உணர்தல் நலம்.

பெஞ்சில் ஓர் இடைவெளி

அந்த வெளிநோயாளர் பிரிவில் நான் கண்ட இன்னொன்றையும் சொல்லவேண்டும். நெரிசல் மிகுந்த ஒரு காலை. நிற்க இடமில்லை. ஆயினும் ஒரு பெஞ்சில் மட்டும் ஒருவருக்கு இருபுறமும் இடம் காலியாக இருந்தது. அமர்ந்திருந்தவர் ஒரு திருநங்கை. கால் வலித்த பெரியம்மா எதையும் பாராமல் அங்கே போய் உட்கார்ந்தார். "எந்த ஊரும்மா?" என்று அவர் கேட்க, பேச்சு வளர்ந்தது. அடுத்த வாரங்களில் இருவரும் ஒருவர்க்கொருவர் இடம்பிடித்து வைத்தார்கள். தம்மை 'ஆணாக்கிவிடுவதாக' வாக்களித்து ஒருவர் பல மாதங்கள் மாத்திரை கொடுத்த கதையை அவர் பெரியம்மாவிடம் சொன்னாராம். "எனக்கு ஒன்னுமில்லன்னு சொன்னாங்க, அந்தப் பொண்ணுக்கு இல்லாத நோய இருக்குதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார் பெரியம்மா.

சித்திரை மாதத்தில் கூத்தாண்டவர் விழாவுக்காக நாடெங்கிலுமிருந்து திருநங்கையர் கூவாகத்திற்கு வருகிறார்கள். விழுப்புரத்து விடுதிகள் நிறைகின்றன. அழகிப் போட்டிகள் நடக்கின்றன. நாமும் வேடிக்கை பார்க்கிறோம். 2019இல் மாவட்டம் பிரிந்தபோது கூவாகம் கள்ளக்குறிச்சி மாவட்டத்திற்குச் சென்றாலும், விழாக் கூட்டம் இன்றும் விழுப்புரம் வழியேதான் வருகிறது. விழா முடிந்தபின் மற்ற நாள்களில் அவர்களுக்கு நாம் தருவது பெஞ்சில் அந்த இடைவெளிதானா?

இவ்விடத்தில் நம் மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. 2021இல், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள் உயர்நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கோரினர். வழக்கை விசாரித்த நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகக் கூறினார். தாமே ஓர் உளவியல் ஆலோசகர் முன் மாணவராக அமர்ந்து கற்றார்; அதன்பின் 2021 ஜூன் 7ஆம் நாள் ஆணை வழங்கினார். ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவத்தால் 'மாற்றும்' முயற்சிகளை அந்த ஆணை தடைசெய்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அத்தகைய 'மாற்று சிகிச்சையை' மருத்துவத் தொழில் ஒழுக்கக்கேடு என அறிவித்தது. பாலினம், பாலீர்ப்பு, சாதி, சமயம் ஆகிய எதனாலும் மனநலச் சேவை மறுக்கப்படலாகாது என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. கேட்கும் செவி சிலருக்கு மட்டும் திறந்திருந்தால் அது சிகிச்சையாகாது, தீர்ப்பாகிவிடும்.

நாம் செய்யத்தக்கது

நண்பர்களே! நம் வகுப்புகளில் தலைவலி என்று அடிக்கடி விடுப்பெடுப்போர் இருக்கிறார்கள். நண்பகலில் உணவுப் பாத்திரத்தைத் திறக்காமலே மூடிவைப்போர் இருக்கிறார்கள். பெயர் அழைத்தால் திடுக்கிடுவோரும் இருக்கிறார்கள். வேலனைப் போல நாம் உடனே காரணம் கற்பிக்கிறோம்: 'சோம்பேறி', 'திமிர்', 'காதல் தோல்வி'. தோழியைப் போல உடனிருந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

தோழி செய்தவை மூன்று. உடம்பைக் கவனித்தாள்; அவசரப்பட்டு அறிவுரை கூறாமல் கேட்டாள்; தன்னால் தீர்க்கவியலாததைத் தீர்க்கவல்லவரிடம் கொண்டு சேர்த்தாள். மூன்றாவதே மிகவும் இன்றியமையாதது. தோழி மருத்துவர் அல்லள். உயிரையே வெறுத்துப் பேசும் ஒருவரின் சொல்லை இரகசியம் என்று நெஞ்சில் பூட்டிவைப்பது நட்பாகாது. அதை உரியவரிடம் உரைப்பதே அறத்தொடு நிற்றல். 2022 அக்டோபர் 10ஆம் நாள் நாடெங்கும் தொடங்கப்பட்ட 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் அச்சேவைக்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பொருத்தமான பெயர். பேராசிரியப் பெருமக்களிடமும் ஒரு விண்ணப்பம். வருகைப் பதிவேட்டில் 'வரவில்லை' என்று குறிக்கும்போது, எப்போதிலிருந்து என்றும் ஒருமுறை பாருங்கள். 'மாசியில் என்ன நடந்தது?' என்று கேட்க மனநூல் பட்டம் தேவையில்லை.

பெரியம்மா முழுக்கக் குணமாகிவிட்டாரா என்று கேட்பீர்கள். இல்லை. மாசி வந்தால் நெஞ்சு இன்றும் கனக்கிறது. மாத்திரையை மருத்துவர் பாதியாகக் குறைத்திருக்கிறார். கழனி வேலை நடக்கிறது. காதுத்தோடு இன்னும் கடையில்தான் இருக்கிறது. அண்மையில் நான் கேட்டபோது, "வலி இருக்குது கண்ணு. ஆனா அது என்னான்னு இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்ச ஆளு வூட்டுக்கு வந்தாப்பல, வரும், குந்தும், போயிடும்" என்றார்.

அறியாத நோயை அறிந்த நோயாக்குவதே பாதி மருத்துவம். அதை எவரும் தனித்து நின்று செய்துகொள்ள இயலாது. கேட்க ஒருவர் வேண்டும். நம் கல்லூரியில் பயிலும் ஒவ்வொருவருக்கும், சாதியும் பாலும் பாராமல், அப்படி ஒருவர் வாய்க்கட்டும். அந்த ஒருவராக இருக்க நாமும் கற்போமாக!